பதினைந்தாவது முறையாகப் புதியவர்

அந்தச் சிறிய கல்லூரியில் அவரைவிடப் பழையவர்கள் என்று எண்ணினால் மூன்று பேர்தான் தேறுவார்கள்: வாசல் காவலாளி, அலுவலகத்தின் தலைமை எழுத்தர், வேதியியல் பேராசிரியர். மாடிப்படிக்கு அடியில் வருடம் முழுக்க ஒழுகிக்கொண்டிருக்கும் குழாயையும் சேர்த்தால் நாலு. அப்படியிருந்தும் ஆசிரியர் அறையிலும் வகுப்பறையிலும் எதிரே உள்ள தேநீர்க் கடையிலும் அவருக்கு ஒரே பெயர்தான். புது சார்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. அவர் வரலாறு நடத்தும் ஒப்பந்த ஆசிரியர். ஒப்பந்தம் பதினொரு மாதம். கோடை விடுமுறைக்கு முந்தைய நாளோடு வேலை முடிந்துவிடும். கல்லூரி திறக்கும் அன்று 'புதிய நியமனம்' என்று தலைப்புப் போட்ட ஆணை ஒன்று கைக்கு வரும். நடுவில் உள்ள ஒரு மாதம் அவர் காகிதத்தின்படி யாருமே இல்லை. ஆனால் அந்த யாருமில்லாத மனிதர்தான் விடைத்தாள் கட்டுகளைப் பிரித்து அடுக்குவார், சேர்க்கைக்கு வந்து விழிக்கும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார், நூலகத்தில் கரையான் அரித்த அலமாரியைக் காலி செய்வார். "சும்மாதானே சார் இருக்கீங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்" என்று கூப்பிடுவார்கள். இவரும் போவார். போகாவிட்டால் அடுத்த ஆணை வராமல் போய்விடுமோ என்ற பயம்தான். அந்தப் பயத்துக்கு மரியாதையான வேறு பெயர் வைக்க நான் தயாராக இல்லை.

கல்லூரிக்கு ஒரு வழக்கம் உண்டு. திறக்கும் நாளன்று காலை பதினொரு மணிக்குக் கூட்ட அறையில் எல்லோரும் கூடுவார்கள். அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களை முதல்வர் ஒவ்வொருவராக முன்னால் அழைத்து, அட்டையில் எழுதி வைத்த நாலு வரியைப் படிப்பார். கைதட்டல். நீல மூடி போட்ட பேனா ஒன்று பரிசு. பிறகு தேநீரும் பிஸ்கட்டும். புதிய ஆணை வாங்கிய யாராக இருந்தாலும் அன்று எழுந்து வந்து அறிமுகமாக வேண்டும். அப்போதுதான் வேலையில் சேர்ந்ததாகக் கணக்கு.

ஆகவே புது சார் வருடா வருடம் எழுந்து போனார். முதல் வருடம் சரி, நிஜமாகவே புதியவர். இரண்டாம் வருடம் எழுந்தபோது பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாம் வருடம் அவரே முந்திக்கொண்டார். அட்டையில் தன்னைப் பற்றி, 'மூன்றாவது முறையாக நம்மிடம் புதிதாக வந்து சேர்கிறார்' என்று எழுதி வைத்தார். முதல்வர் படித்ததும் அறை அதிர்ந்தது. வேதியியல் பேராசிரியர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து அது ஒரு சடங்காகிவிட்டது. ஏழாவது முறையாக, பத்தாவது முறையாக என்று எண்ணிக்கை ஏற ஏறச் சிரிப்பும் ஏறியது. மற்றவர் சிரிப்பதற்குள் நாமே சிரித்துவிட்டால் வலிக்காது என்று அவர் நினைத்தார். கொஞ்ச வருடம் வலிக்கவும் இல்லை.

'அவரே எழுதி வைத்தார்' என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டைகளை எழுதுவது புது சார்தான். அவர் சேர்ந்த முதல் வருடமே, அப்போதிருந்த முதல்வர் கணித ஆசிரியையைத் தாவரவியல் என்று அறிமுகம் செய்து, அந்தப் பெண் மேடையிலேயே கண் கலங்கிவிட்டாள். "உங்க கையெழுத்து நல்லா இருக்கே, இனிமே நீங்க எழுதிடுங்க" என்று அட்டைக் கட்டு இவர் கைக்கு வந்தது. கூடவே மினிட்ஸ் நோட்டும் வந்தது. கூட்டத்தில் நடந்ததை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கும் பெரிய நோட்டு அது. அங்கே ஒரு வேலையை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் போதும், அது ஆயுளுக்கும் தலையில் கட்டப்பட்டுவிடும்.

செய்வதை அவர் ஒப்புக்குச் செய்யவில்லை. திறப்புக்கு முந்தைய நாள் புதியவர்கள் சான்றிதழ் காட்ட வருவார்கள். அவர்களை உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். என்ன படித்தீர்கள், இதற்கு முன் எங்கே இருந்தீர்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்த நேரம் எது. மூன்றாவது கேள்விக்குத்தான் மனிதர்கள் வாயைத் திறப்பார்கள். ஒருவர், மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் என்றார். இன்னொருவர், மணி அடிக்கும் நேரம் என்றார். இரண்டையும் அட்டையில் ஏற்றினார். மேடையில் நிற்கும் ஆள் அந்த நாலு வரியைக் கேட்டு ஒரு விரற்கடை உயர்ந்து நிற்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு திருப்தி. அப்படி அறுபது எழுபது பேரை உயர்த்தி விட்டிருப்பார். பாதிப் பேர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள்.

பேனாக்கள் வீட்டுக்கு வந்தன. அவர் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. மாத்திரை உறையில் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று அவள் எழுதிக் கொடுப்பதெல்லாம் அந்த நீல மூடிப் பேனாக்களால்தான்.

பதினான்காம் வருடம் நிர்வாகம் ஒரு விதி கொண்டு வந்தது. தொடர்ந்து பத்து வருடம் ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்கு, நிரந்தர இடம் காலியானால் முதல் உரிமை. வயது ஐம்பதைத் தாண்டக் கூடாது. அதே வருடக் கடைசியில் வரலாற்றுத் துறையின் ஒரே நிரந்தரப் பேராசிரியர் ஓய்வு பெற்றார். புது சாருக்கு அப்போது நாற்பத்தெட்டு. அடுத்த இடம் காலியாக இன்னும் இருபது வருடமாவது ஆகும். இதை விட்டால் வேறு இல்லை என்பது அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும், காவலாளிக்கும் தெரியும். "இந்தத் தடவை உங்களுக்குத்தான் சார்" என்று காவலாளி வாசலிலேயே வாழ்த்திவிட்டார்.

பதினான்கு ஆணைகளையும் வரிசையாக அடுக்கி நிர்வாகத்தின் நியமனக் குழுவுக்கு விண்ணப்பம் கொடுத்தார். விடுமுறை முடிய ஒரு வாரம் இருக்கும்போது பதில் வந்தது. தலைமை எழுத்தர் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, எதிரே உட்கார வைத்து, கடிதத்தைக் கையில் கொடுக்காமல் தானே விஷயத்தைச் சொன்னார். ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி இருந்த பெண்மணி. இவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"கிடைக்கலை தம்பி."

"ஏன்க்கா?"

"தொடர்ச்சி இல்லையாம். ஒவ்வொரு ஆணையிலும் புதிய நியமனம்னு இருக்கு. நடுவுல ஒரு மாசம் இடைவெளி."

"அந்த ஒரு மாசமும் நான் இங்கதானே இருந்தேன்? இந்த அலமாரியைத் துடைச்சது யாரு?"

"எனக்குத் தெரியாதா? ஆனா அவங்களுக்குக் காகிதத்துல வேணும். கல்லூரியோட ரெக்கார்டுல, இவர் போன வருஷத்துலேருந்து தொடர்ந்து இருக்கார்னு ஒரு வரி இருந்தாப் போதும்னாங்க. மினிட்ஸ் நோட்டைக் கேட்டாங்க. நானே எடுத்துக் கொடுத்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினாலு வருஷமும் நீங்க புதுசாச் சேர்ந்தவர்னுதான் இருக்கு. உங்க கையெழுத்துல."

புது சாருக்கு அப்போதுதான் உறைத்தது. மேடையில் படித்ததெல்லாம் அட்டையில் இருந்தவை. 'ஏழாவது முறையாக', 'பத்தாவது முறையாக' எல்லாம் அட்டையோடு குப்பைக்குப் போயின. நோட்டில் எழுதும்போது அவர் நகைச்சுவையை எடுத்துவிடுவார். அலுவல் பதிவில் வேடிக்கைப் பேச்சு இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. 'கீழ்க்கண்டோர் இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தனர்' என்று சுத்தமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், பதினான்கு முறை. அதன் கீழே எல்லோருடைய கையெழுத்தும்.

"சரிக்கா, பதினாலு வருஷம் என் பேர் வருஷா வருஷம் இருக்குல்ல? அதுவே தொடர்ச்சிதானே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். பதினாலு தடவை ஒரு வருஷம்தான், பதினாலு வருஷம் இல்லைங்கறாங்க."

இதைச் சொன்னவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் புது சார் நடத்தும் முதல் பாடமே சான்றுகள் பற்றியது. யார் என்ன சொன்னார்கள் என்று கதை பேசாதீர்கள், எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று பதினான்கு வருடமாகக் கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்லி வருகிறார். அந்த மனிதர் தன் சொந்த வரலாற்றில் கோட்டை விட்டுவிட்டார்.

"முப்பது நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம்" என்றார் தலைமை எழுத்தர். "ஆனா புது ஆதாரம் ஏதாவது இருந்தாத்தான் எடுத்துப்பாங்களாம். அதுக்குள்ள அந்த இடத்துக்கு ஆளும் எடுத்தாச்சு. அடுத்த வாரம் திறப்பாச்சே, வருவாங்க. அட்டை எழுதணும்."

"நானா?"

"வேற யாரு தம்பி எழுதுவா?"

திறப்புக்கு முந்தைய நாள் அவள் வந்தாள், அந்த இடத்துக்கு எடுக்கப்பட்டவள். முப்பத்திநாலு வயது. தோளில் பெரிய பை. அதற்குள் சான்றிதழ்களை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறையில் போட்டிருந்தாள். வரலாற்றுத் துறை என்பது ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும்தான். ஒரு நாற்காலியில் அவர், எதிரில் அவள். இவளைப் பிடிக்கக் கூடாது என்று காலையிலிருந்தே தீர்மானித்து வைத்திருந்தார். மூன்று கேள்வியையும் கடனே என்று கேட்டார்.

இதற்கு முன் எங்கே என்ற கேள்விக்கு அவள் விரல் மடக்கினாள். "மூணு காலேஜ் சார். மூணுலயும் மணிக்கணக்குக்குத்தான். ஆறு வருஷம். ஒரு இடத்துல காலைல பாடம், இன்னொரு இடத்துல மத்தியானம். நடுவுல பஸ்ல சாப்பாடு. உட்கார்றதுக்கு நாற்காலின்னு ஒண்ணு இருக்கறது இதுதான் முதல் தடவை." நாற்காலியின் கையை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

"வகுப்புல உங்களுக்குப் பிடிச்ச நேரம்?"

கொஞ்சம் யோசித்தாள். "பேர் கூப்பிடற நேரம் சார். எல்லாரும் 'இருக்கேன்'னு சொல்றாங்கல்ல, அது."

எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். வெறுத்துத் தொலைக்கலாம் என்றால் அதற்கும் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறாளே என்று எரிச்சல்தான் வந்தது.

"நீங்களும் புதுசா சார்?" என்று அவள் கேட்டாள். "எல்லாரும் புது சார்னு கூப்பிடறாங்களே."

"ஆமா, அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவரிடம் மனைவி வந்து நின்றாள். வேலைக்குக் கிளம்பும் அவசரம் அவளுக்கும் இருந்தது.

"இன்னைக்கு எந்திரிச்சுப் போய் நிக்காதீங்க" என்றாள்.

"நிக்கலைன்னா வேலையில சேர்ந்ததாகாது."

"சரி, நில்லுங்க. ஆனா சிரிப்புக் காட்டாதீங்க. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் நாலு வரி எழுதினீங்க. உங்களுக்குன்னு ஒரு வரி உருப்படியா எழுதிக்கத் தெரியலையே." சொல்லிவிட்டு, சொன்னது கூடிப்போய்விட்டது என்று தோன்றியதோ என்னவோ, அவருடைய காலரைச் சரி செய்துவிட்டுப் போனாள். கோபம் அவளுக்கு அவர் மேல் இல்லை. ஆனால் வேறு யார் மேல் காட்டுவது?

அவர் அட்டை எழுதிக்கொள்ளவில்லை. எதிர்ப்பு என்றெல்லாம் இல்லை. பேனாவை எடுத்தார், ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். ஆள் அந்த அளவுக்குக் களைத்துப் போயிருந்தார்.

பதினொரு மணிக்குக் கூட்ட அறையில் மின்விசிறிகள் சுற்றின. ஒன்று மட்டும் டக் டக் என்று அடித்துக்கொண்டது. முப்பத்தொரு பேர். முதல்வர் போன வருட நடுவில் வந்த பெண்மணி. இந்தச் சடங்கு அவருக்கு முதல் முறை. வணிகவியலுக்கு ஒருவர், கணிதத்துக்கு ஒருவர், இருவரையும் அழைத்து அட்டையைப் படித்தார். மூன்றாவதாக வரலாற்று ஆசிரியை. 'வருகைப் பதிவின்போது ஒவ்வொரு குரலும் இருக்கிறேன் என்று சொல்லும் நேரமே இவருக்குப் பிடித்த நேரம்' என்று முதல்வர் படித்தபோது அவள் முகம் சிவந்து, நிமிர்ந்து நின்றாள். புது சாருக்கு வழக்கமான அந்தத் திருப்தி வந்தது. வரக் கூடாது என்று நினைத்தும் வந்தது.

"நாலாவதா ஒருத்தர் பேர் இருக்கு" என்று முதல்வர் பட்டியலைப் பார்த்தார். "அட்டை இல்லையே?"

அறையில் ஒரு சிரிப்பு தயாரானது. "இந்த வருஷம் சஸ்பென்ஸ் மேடம்!" என்று வேதியியல் பேராசிரியர் முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். "புது சார், எந்திரிங்க, எந்திரிங்க!" பின்வரிசைகளில் கைதட்டல் தொடங்கிவிட்டது. கெட்ட மனிதர்கள் யாரும் இல்லை. அவர்கள் பதினான்கு வருடமாக அவரை நேசித்ததே இந்தச் சிரிப்பின் வழியாகத்தான். அதுதான் இதில் பெரிய கொடுமை.

அவர் எழுந்து முன்னால் போனார். "நீங்களே சொல்லிடுங்க சார்" என்று முதல்வர் மைக்கை நீட்டினார்.

"நான் புதுசு இல்லை" என்றார்.

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"பதினாலு வருஷம் இங்கதான் இருந்தேன். விடுமுறையிலயும் இருந்தேன். விடைத்தாள் பிரிச்சேன், சேர்க்கை வேலை பார்த்தேன், ஒரு மாசம்கூட வெளியில போனதில்லை. இன்னைக்கு எனக்குப் பதினைஞ்சாவது வருஷம் ஆரம்பிக்குது. இது இல்லைன்னு யாராவது சொல்றதா இருந்தா இப்பவே சொல்லுங்க."

டக் டக் என்ற விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வேதியியல் பேராசிரியர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முதல்வர், வேறென்ன செய்வதென்று தெரியாமல், நீல மூடிப் பேனாவை எடுத்து நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வார்?

தேநீர் வந்தது. புது சார் மூலையில் உட்கார்ந்து மினிட்ஸ் நோட்டைத் திறந்தார். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பது விதி. 'கீழ்க்கண்டோர் இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தனர்' என்று மூன்று பேரை எழுதினார். பிறகு தன் பெயரைத் தனியாக எழுதி, 'கடந்த பதினான்கு ஆண்டுகளாக, விடுமுறை மாதங்கள் உட்பட, இக்கல்லூரியில் தொடர்ந்து பணியாற்றி வருவதாகக் கூட்டத்தில் தெரிவித்தார். இதற்கு மறுப்பு உண்டா என்று கேட்டதற்கு எவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை' என்று எழுதினார். வார்த்தைகள் தாமாகவே விழுந்தன. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. கல்லூரியின் ரெக்கார்டில் ஒரு வரி இருந்தால் போதும் என்று அக்கா சொன்னது இதைத்தானே?

அங்கே கையெழுத்து வாங்கும் விதமே தனி. பிஸ்கட் தட்டுக்குப் பின்னாலேயே நோட்டும் வரிசையாகப் போகும். ஒரு கையில் கோப்பை, மறு கையில் பேனா. யாரும் ஒரு வரி படிக்க மாட்டார்கள். பதினான்கு வருடம் அவர் புதியவர் என்பதற்குக் கையெழுத்திட்டவர்கள், இந்த வருடம் அவர் புதியவர் இல்லை என்பதற்கும் அதே வேகத்தில் கையெழுத்திட்டார்கள். வேதியியல் பேராசிரியர் பிஸ்கட்டைக் கடித்தபடியே போட்டார். தூள் நோட்டில் விழுந்தது. புது சாருக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கடைசி மூன்று இடம் புதியவர்களுக்கு. இருவர் போட்டார்கள். வரலாற்று ஆசிரியை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நோட்டை மடியில் வைத்துப் படிக்கத் தொடங்கினாள். பாவம், அங்கே யாரும் படிப்பதில்லை என்று அவளுக்கு இன்னும் தெரியாது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். திரும்ப ஒருமுறை படித்தாள்.

"பதினாலு வருஷமா சார்?"

"ஆமா."

"அப்போ இந்த போஸ்ட்..."

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. "நான் கேட்டிருந்தேன். தொடர்ச்சிக்கு ஆதாரம் இல்லைன்னுட்டாங்க. மேல்முறையீட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. இந்தப் பக்கத்தை வெச்சா ஒருவேளை கிடைக்கலாம். கிடைச்சா உங்களுது போயிடும்."

அவள் பேனாவைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சற்று முன் பரிசாக வாங்கிய அதே பேனா.

"நான் கையெழுத்துப் போடலைன்னா?"

"இருபத்தெட்டுப் பேர் போட்டாச்சு மேடம். உங்களுது இல்லைன்னாலும் ஒண்ணும் ஆகாது. உங்க இஷ்டம்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டு விடுமுறைக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். "நீங்க சொன்னதை நான் கேட்டேன். யாரும் இல்லைன்னு சொல்லலை. அதையும் பார்த்தேன்" என்றாள். "நடந்ததைத்தானே எழுதியிருக்கீங்க." கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டை அவரிடம் கொடுத்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. முதல்வர் கடைசியாக, "எல்லாரும் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தானும் போட்டார்.

தலைமை எழுத்தர் நோட்டை வாங்கி அலமாரியில் வைக்கும் முன் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். நேராகப் போய் இரண்டு நகல் எடுத்து வந்து, முத்திரை வைத்து, புது சாரின் சட்டைப் பைக்குள் திணித்தார்.

இரண்டு வாரம் அந்த நகல் பையிலேயே கிடந்தது. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் பாடக்குறிப்பு எழுதினார்கள். சுண்ணாம்புக்கட்டியைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருநாள் மதியம் அவளே கேட்டுவிட்டாள். "இன்னும் அனுப்பலையா சார்?"

"உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

"இருக்கு. ராத்திரி தூக்கமே வரலை." குரலில் கோபமும் இருந்தது. "ஆனா நீங்க அனுப்பாம என் முன்னாடி தினமும் இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தா எப்படி சார்? இவளுக்காக விட்டுக்கொடுத்தேன்னு நாளைக்கு ஒருநாள் நீங்க நினைப்பீங்க. அது எனக்கு வேண்டாம்."

அன்றே எழுதினார். 'நான் இக்கல்லூரியில் பதினைந்தாவது ஆண்டாகப் பணியாற்றி வருகிறேன்' என்ற முதல் வரிக்கே அரைமணி நேரம் ஆனது.

குழு ஏழு மாதம் எடுத்துக்கொண்டது. இடம் புது சாருக்கு வந்தது. கடிதத்தை வீட்டில் காட்டியபோது மனைவி வாங்கிப் படித்துவிட்டு, சமையலறை முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவருக்கும் மகிழ்ச்சிதான், பொய் சொல்வானேன். ஆனால் துள்ளிக் குதிக்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய மகிழ்ச்சி, வந்து சேரும்போது வந்ததற்கும் களைப்பு, வாங்கியவருக்கும் களைப்பு. வரலாற்று ஆசிரியையின் ஆணை ரத்தானது. துறைக்கு இன்னொரு ஆள் தேவை என்பதால் அவளைக் கோடை வரை தற்காலிகமாகவும், அடுத்த திறப்பிலிருந்து ஒப்பந்தத்திலும் வைத்துக்கொண்டார்கள். பதினொரு மாதம்.

அடுத்த திறப்பு நாளுக்கு முந்தைய நாள், அட்டைக் கட்டோடு மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் அவள். கையில் 'புதிய நியமனம்' என்று தலைப்புப் போட்ட ஆணை.

"மூணு கேள்வியும் கேக்கணுமா சார்?" என்றாள். "போன வருஷம் சொன்னதேதான்."

"விடுமுறையில என்ன பண்ணீங்க?"

"தெரியாதா உங்களுக்கு? சேர்க்கை வேலைக்குக் கூப்பிட்டாங்க. வந்தேன்."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

மறுநாள் கூட்ட அறையில் அதே விசிறி டக் டக் என்று அடித்தது. முதல்வர் அவள் பெயரைப் படித்ததும் வேதியியல் பேராசிரியருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "ஆஹா, இனிமே புது மேடம்!" என்றார். அறை சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் புது சாருக்கு நன்றாகத் தெரியும். பதினான்கு வருடம் அவர் முகத்தில் இருந்தது அது. அவர் எழுந்து, அவள் போன வருடமும் விடுமுறையிலும் இங்கேதான் இருந்தாள், மறுப்பு உண்டா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

தேநீர் வருவதற்குள் அவர் எழுதி முடித்திருந்தார். 'இவர் கடந்த ஆண்டும், விடுமுறை மாதத்திலும், இங்கேயே பணியாற்றியவர். இது இவருக்குத் தொடர்ச்சியாக இரண்டாம் ஆண்டு. எவரும் மறுக்கவில்லை.' இந்த முறை நோட்டைப் பிஸ்கட் தட்டுக்குப் பின்னால் அனுப்பவில்லை. தானே எடுத்துக்கொண்டு முன்வரிசையிலிருந்து தொடங்கினார். வேதியியல் பேராசிரியர் ஒரு கையில் கோப்பையோடு பேனாவை நீட்டினார். புது சார் கையெழுத்து இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

"படிச்சுட்டுப் போடுங்க சார்."

"என்னப்பா நீ, டீ ஆறுது."

"ஆறட்டும் சார். படிங்க."